ஓர் ஆள் குறைந்த சீனக் கிராமம்

துபாயை ஒட்டிய முவைலாவில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டரில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. விசா விண்ணப்பமோ வாடகை ஒப்பந்தமோ, ஒரு கட்டம் காலியாகப் போனால் காகிதம் திரும்பி வரும். திரும்பி வந்தால் வாடிக்கையாளர் நம் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். பதினாலு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். காலிக் கட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். ஆறு மாதக் குழந்தையின் தொழில் என்ன என்று கேட்கிற கட்டத்தில்கூட எதையாவது போட்டு அனுப்பியவன் நான்.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு சீனக் கிராமத்தைக் கொடுத்தார்கள்.

எங்கள் கடை பல்கலைக்கழகங்கள் இருக்கும் பக்கம் இருப்பதால் மாணவர்களும் வாத்தியார்களும் நகல் எடுக்க வருவார்கள். அந்தச் சீன மேடமும் அப்படித்தான் வந்தார். அங்கே பாடம் எடுப்பவர். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். ஒரு துணிப்பை நிறைய நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். அவருடைய மாகாணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கிராமங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். அங்கே வயல்களெல்லாம் போய் ரோடும் கட்டடமும் வந்துவிட்டன. வீடுகளை இடித்து, சனங்களை அடுக்குமாடியில் குடியேற்றிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களில் நிறையப் பேர் துபாயிலுள்ள பெரிய சீனச் சந்தையில் கடை வைத்திருக்கிறார்கள். மேடம் லீவு நாட்களில் கடை கடையாகப் போய் அவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். மணிக்கட்டு வலியால் அவரால் டைப் அடிக்க முடியவில்லை. அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்.

எங்கள் முதலாளி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். எதைக் கேட்டாலும் அதில் ஒரு கேலி வைத்திருப்பார். மேடம் போன பிறகு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

“சீனாக்காரவுக ஊரைப் பத்திச் சீனாவுல போய்க் கேக்காம இங்கன வந்து கேக்குறாகளே தம்பி.”

“ஊரே இங்க வந்துட்டா அவங்களும் இங்கதானே பாய் வரணும்” என்றேன்.

“அப்பச் சரி. நம்ம ஊரையும் இங்கனதான் வந்து கேக்கணும்” என்று சொல்லிவிட்டு மத்தியான லுஹர் தொழுகைக்குப் போய்விட்டார்.

முதல் நாளிலேயே எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள், பேசிய ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள். வீட்டில் யார் யார், நிலம் எவ்வளவு இருந்தது, இப்போது என்ன தொழில், எந்த வீட்டு ஆள் என்று வரிசையாகக் கேள்விகள். ஒருவர் சந்தையில் சரவிளக்குக் கடை வைத்திருக்கிறார். கண்டெய்னர் கண்டெய்னராக இறக்குகிறார். அவர் பெயருக்கு நேரே ‘விவசாயி’ என்று இருந்தது. பூட்டுக்கடைக்காரரும் விவசாயி. தொலைபேசி உறை விற்கும் இருபத்தைந்து வயதுப் பையனும் விவசாயி. வயல் ஒரு குழி இல்லை, ஊரே இல்லை, ஆனால் தாள் முழுக்க விவசாயிகள். மேடம் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை வந்தபோது கேட்டேன்.

“அவர்களே அப்படித்தான் சொன்னார்கள்” என்றார். “பிறந்தபோது பதிவேட்டில் அப்படி எழுதினார்கள். நெல் நட்டாலும் விளக்கு விற்றாலும் அதுதான் பெயர். இப்போது அந்தப் பிரிவை எடுத்துவிட்டோம் என்று அரசாங்கம் சொல்கிறது. இவர்கள் இன்னும் எடுக்கவில்லை.”

“அப்படியானால் தொழில் என்கிற கட்டத்தில் எதைப் போடுவது?”

“எனக்கும் அந்தக் குழப்பம்தான். நீங்கள் யார் என்று ஊரில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?”

டைப்பிஸ்ட் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நான் மண்வெட்டி பிடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணப் பத்திரிகையில் என் அப்பா பெயருக்குக் கீழே விவசாயி என்று போட்டோம். என் மகள் கல்யாணத்துக்கும் அதைத்தான் போடுவார்கள் என்று நினைக்கிறேன். “விவசாயிதான்” என்றேன். மேடம் சிரிக்காமல் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று இருந்தது.

சில இடங்கள் மட்டும் பளிச்சென்று புரிந்தன. வீடுகளை அளக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த ஊர்க்காரர்கள் இழப்பீடு கூடுதலாக வாங்க அவசர அவசரமாக மாடிக்கு மேல் மாடி கட்டினார்களாம். முற்றத்தில் நெருக்கி நெருக்கி மரக்கன்று நட்டார்களாம். நான் தனியாகச் சிரித்தேன். எங்கள் பக்கம் நாலுவழிச் சாலைக்குக் கல் ஊன்றியபோது, வெறும் கருவைக் காட்டில் தென்னங்கன்று நட்டவர்கள் எத்தனை பேர். ஆட்கள் நமக்குத் தெரிந்த ஆட்கள்தான் என்று தெம்பு வந்தது. அந்தத் தெம்புதான் என்னைக் கெடுத்தது.

இதற்கு நடுவில் என் சொந்த வேலை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் இருப்பது ஒரு வீடும், தார்ரோட்டை ஒட்டி இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலமும். பிள்ளைகள் நானும் ஒரு தங்கச்சியும். தங்கச்சியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தோம். அவளும் அவள் புருஷனும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அப்பா வீட்டில் என் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். பட்டாவை என் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு முன் தங்கச்சி தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும் என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

“புள்ளைக்கு நகை போட்டாச்சு, சீரு செஞ்சாச்சு. ஒரு கையெழுத்துதான். அது ஒண்ணும் சொல்லாது. நீ லீவுல வர முடியாதுல்ல, எம் பேருக்கு ஒரு பவர் அனுப்பு. நான் ஒனக்காக நின்னு முடிச்சுவிடுறேன்.”

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. கட்டிக்கொடுத்த பெண் பதிவு ஆபீசுக்கு வருவாள், கையெழுத்துப் போடுவாள், ஓட்டலில் எல்லோரும் பிரியாணி சாப்பிடுவார்கள், அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள். சட்டத்தில் அவளுக்குச் சமபங்கு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கையெழுத்தே வாங்குகிறார்கள். அந்தப் பவர் பத்திரத்தை நானே ஒரு மத்தியானம் கடையில் அடித்தேன். அடுத்தவனுக்கு அடித்துக்கொடுக்கிற மாதிரிதான் அடித்தேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை. கான்சுலேட் முத்திரை வாங்க வேண்டியதுதான் பாக்கி. டிராயரில் போட்டுவிட்டுச் சீனக் கிராமத்துக்குத் திரும்பினேன்.

கடைசியில் மேடம் ஒரு மொத்தப் பட்டியல் கேட்டிருந்தார். இரண்டு ஊரிலும் ஆள் எத்தனை, வீட்டுத் தாள்களில் ஆள் எத்தனை, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கூட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் குறைந்தது. மறுபடி கூட்டினேன், மறுபடியும் ஓர் ஆள் குறைந்தது. தாள் தாளாகத் தேடியபோது அந்த அம்மா கிடைத்தார். ஐம்பது வயது, சந்தையில் திரைச்சீலைக் கடை. முதல் ஊரில் பிறந்து இரண்டாவது ஊரில் வாழ்க்கைப்பட்டவர். பிறந்த வீட்டுத் தாளில் அவர் இல்லை. புருஷன் வீட்டுத் தாளிலும் இல்லை. அவருடைய தாளில் ‘எந்த வீட்டு ஆள்’ என்கிற கட்டம் காலியாக இருந்தது.

மேடத்துக்கு மறந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கல்யாணமான பெண் எங்கே போவாள்? பதினாலு வருஷத்தில் எத்தனை குடும்ப விசா அடித்திருக்கிறேன். மனைவி என்றால் கணவன் கோப்பில்தான். புருஷன் வீட்டுத் தாளில் ‘மனைவி’ என்று ஒரு வரி சேர்த்தேன். கட்டத்தை நிரப்பினேன். மொத்தம் ஒத்துப்போயிற்று. எனக்கு அவ்வளவு திருப்தி. முதலாளியைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அடித்த தாளை எடுத்துக்கொண்டு போய், அதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டிச் சரி பார்ப்பாராம். அடுத்த வாரம் அந்தத் தாளோடு வந்து நின்றார். கோபம் இல்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

“இந்த வரியை உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை மேடம். காலியாக இருந்தது. மொத்தத்தில் ஓர் ஆள் இடித்தது.”

“இடிக்கத்தான் செய்யும்” என்றார். “கல்யாணமாகிப் போனவர் என்று பிறந்த ஊர்க் கூட்டத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அங்கே நிலத்துக்குப் பதிலாக வந்த பணத்திலும் வீட்டிலும் அவருக்குப் பங்கு இல்லை. புருஷன் ஊரில் அவர் போவதற்கு முன்பே நிலத்தைப் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அங்கேயும் அவர் கணக்கில் வரவில்லை. அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதுகிறேன். நீங்கள் அதை நிரப்பிவிட்டீர்கள்.”

திருத்திக் கொடுத்தேன். அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.”

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது கோபம்தான். ஒரு வரிக்கு இத்தனையா, ஊர் ஊராக இருக்கிற வழக்கம்தானே, இந்த அம்மா மட்டும் என்ன புதிதாக. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிச் சந்தைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, என் பக்கத்து நியாயத்தைச் சொல்லவா என்று பஸ்ஸில் இருந்து இறங்கும்வரை எனக்கே தெரியவில்லை.

கடையில் அவர் முக்காலி மேல் நின்று திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். குள்ளமான அம்மா, கழுத்தில் அளவு டேப். அவருக்குத் தெரிந்தது சந்தை ஹிந்தி. எனக்குத் தெரிந்ததும் அதுதான். நான்தான் அந்த டைப்பிஸ்ட் என்று சொன்னதும் இறங்கி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ தப்பு எழுதின.”

“தப்புதான். மாஃப் கரோ.”

“ஏன் எழுதின?”

“எங்க ஊர்ல பொண்ணு கட்டிக்கிட்டா புருஷன் வீடு. அதனால எழுதினேன்.”

“எங்க ஊர்லயும் அதேதான்” என்றார். “அதனாலதான் எனக்கு எதுவும் இல்ல.”

எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். வாடிக்கையாளர் வந்தபோது எழுந்து போய் அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் இருந்து பேசினார். அவருக்கு ஒரு தம்பி. சின்ன வயதில் அவனை முதுகில் கட்டிக்கொண்டுதான் வயலில் களை எடுப்பாராம். ஊர்க் கூட்டத்தில் யார் யார் கணக்கில் வருகிறார்கள் என்று பெயர் படித்தபோது, அவர் இங்கிருந்து விமானம் ஏறிப் போய்ப் பின்வரிசையில் நின்றிருந்தார். அவர் பெயரைப் படிக்கவில்லை. ஏன் என்று அங்கிருந்தே கேட்டார். எல்லோரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. சிகரெட்டப் பத்த வச்சான்.” தன் வாயைக் கையால் பொத்திக் காட்டினார். “வீடு எனக்கு வேணாம். எங்கிட்டக் கடை இருக்கு. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அவர்கள் வருஷப் பிறப்புக்கு மறுநாள், கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டுமாம். போன தடவை ஊருக்குப் போனபோது அந்த நாளில் ஓட்டலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். தம்பிக்கு இரண்டு அடுக்குமாடி வீடுகள் கிடைத்திருக்கின்றன. ஓட்டல் சன்னலில் இருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் தெரியும் என்றார். இதைச் சொல்லும்போதுகூட அழவில்லை. டேப்பைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார்.

எனக்கு டிராயரில் இருக்கிற பவர் பத்திரம் ஞாபகம் வந்தது. சித்தப்பாவை அனுப்பிவிட்டு நான் இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கப் போகிறேன். சிகரெட் பழக்கம்தான் எனக்கு இல்லை. வெட்கமாக இருந்தது. ஒரு திரைச்சீலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் ரூமில் ஒரே ஒரு சன்னல், அதையும் ஏசி அடைத்துக்கொண்டிருக்கிறது. அது எதற்கு என்று ரூமில் கேட்டார்கள். மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு நியாயம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் இன்னும் குழப்பிவிட்டார்.

“எங்க ஊருல வீடு பொம்பளப் புள்ளைக்குத்தான் தம்பி. கல்யாணத்துலயே எழுதிக் குடுத்துருவோம். மாப்பிள்ளைதான் அங்கன போய் இருக்கணும். நான் லீவுல போனா எங்க இறங்குறேன்? பொண்டாட்டி வீட்டுல. நான் பொறந்த வீடு தங்கச்சி வீடு. போனா சாயா குடுப்பாக, குடிச்சுட்டு வந்துருவேன்.”

“ஒங்களுக்கு வருத்தமா இல்லையா பாய்?”

“நாப்பது வருசமா கல்ஃபுல இருக்கேன். எந்த வீட்டுல இருந்து வருத்தப்பட?” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒங்க பத்திரத்த நீங்கதான் அடிக்கணும். எங்கிட்டக் கேக்காதீக” என்றார்.

மூன்று விதமான வழக்கம். ஒன்றில் பெண்ணுக்கு இல்லை, ஒன்றில் ஆணுக்கு இல்லை, ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ஆனாலும் ஒரு முடிவு எடுத்தேன். பவர் பத்திரத்தைக் கிழித்துப் போட்டேன். தங்கச்சிக்குப் பாதி. அதைச் சொன்னதும் அவள் எப்படிச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துப் பார்த்து, நானே மனசுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை அழைத்தேன்.

“சாப்டியாண்ணே? சித்தப்பா என்னைக்கு வரச் சொல்றாக? கம்பெனில லீவு சொல்லணும்ல.”

“நீ கையெழுத்துப் போட வேணாம்த்தா. பாதி ஒனக்கு. வீட்டுலயும் நெலத்துலயும்.”

எதிர்முனையில் தையல் இயந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது. வீட்டிலும் வேலை எடுத்துச் செய்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இயந்திரம் நின்றது.

“யாருண்ணே என்ன சொன்னா? இவுக யாருகிட்டயும் ஏதும் கேட்டாகளா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல.”

“அப்ப நான் என்ன குத்தம் செஞ்சேன்?”

“குத்தமா? பங்கு குடுக்குறேங்குறேன்.”

“குடுத்து முடிச்சுவிடுறியா? இனிமே பொங்கச் சீரு, மக சடங்கு, எதுக்கும் எங்கிட்ட வராதன்னு? அப்பா இருந்தவரைக்கும் அந்த வீட்டுக்கு வரதுக்கு நான் யாரையும் கேட்டதில்ல. கையெழுத்துப் போட்டாவாச்சும் அண்ணனுக்கு விட்டுக்குடுத்தவன்னு சொல்லிட்டு வருவேன். பாதிய வாங்கிட்டு எந்த மொகத்தோட வந்து நிப்பேன்?”

திரைச்சீலைக் கடையில் நான் பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்திருந்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் கொடுக்காமல் வாசலை அடைத்தார்கள். என் தங்கச்சியோ, கொடுத்தால் வாசலை அடைத்துவிடுவேன் என்று பயப்படுகிறாள். இரண்டு பேரும் கேட்பது ஒன்றையே என்று தோன்றியது. அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“ஒனக்கு வேணுமா வேணாமா, அதச் சொல்லு” என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

“வேணும்ணே” என்றாள். “வேணாம்னு சொன்னா பொய்யி. வாடகை வீட்டுல ரெண்டு புள்ளைகள வச்சுக்கிட்டு என்ன பாடுன்னு ஒனக்குத் தெரியாது. ஆனா நீ குடுக்குறேன்னு சொன்னா நான் வாங்க மாட்டேன். நீ அங்க இருக்க. நான் வந்தா கதவத் தொறக்குறது அண்ணி. அதக் கேளு. அது மொகஞ்சுளிக்காம சரின்னா வாங்கிக்கிறேன்.”

மனைவியைக் கேட்க வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. முதலாளியைக் கேட்டேன், சீன மேடத்தைக் கேட்டேன், சந்தையில் முன்பின் தெரியாத அம்மாவைக் கேட்டேன். அந்த நிலத்தில் உளுந்து போட்டு எடுப்பதும், அப்பாவைக் கடைசி இரண்டு வருஷம் குளிப்பாட்டிவிட்டதும் என் மனைவிதான்.

மத்தியானம் வீடியோவில் அழைத்தேன். அவள் போனைச் சன்னலில் சாய்த்து வைத்துவிட்டுப் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சீனாவில் இருந்து ஆரம்பித்தேன். கிராமம் இடிந்தது, கூட்டம் போட்டது, தம்பி சிகரெட் பற்றவைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில் தங்கச்சி விஷயத்துக்கு வந்தேன். சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“குடுங்க” என்றாள்.

“ஒனக்குச் சம்மதமா?”

“அது கேட்டு வாங்கல. நீங்களாக் குடுக்குறீங்க. நல்லதுதானே. பொங்கச் சீர நான் கொண்டுபோய் வக்கிறேன், நீங்க வந்தாலும் வராட்டியும். எப்ப வந்தாலும் வரட்டும்னு சொல்லுங்க. இல்ல, நானே போன் போட்டுச் சொல்லிக்கிறேன்.”

எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவு லேசாக முடியும் என்று நினைக்கவில்லை. இவள் நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அவள் புளியை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“எங்க அண்ணனுங்க கேட்டப்ப நானும் கையெழுத்துப் போட்டேன். ஒங்களத்தான் கேட்டேன். போட்டுரு, நாம என்ன கேட்டு வாங்கவா போறோம்னீங்க.”

சொன்னேன். ஆறு ஏழு வருஷம் இருக்கும். ஒரு போன் பேச்சில் அரை நிமிஷத்தில் சொன்னது. மச்சான்கள் முன்னால் நான் பெரிய மனுஷனாக இருந்துவிட்டேன் என்று அன்றைக்கு ரூமில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

“ஆமா” என்றேன்.

“அங்க முடிஞ்சுபோச்சு. இப்ப இங்க ஒங்க பாதி, ஒங்க தங்கச்சி பாதி. நான் எதுல இருக்கேன்?”

அவள் குரலில் சண்டை இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

“நீ நம்ம வீட்டுல இருக்க” என்றேன்.

“ஆமா” என்றாள். “இருக்கேன்.”

மகள் கூப்பிடுகிறாள் என்று எழுந்து போனாள். போனை அணைக்கவில்லை. ரொம்ப நேரம் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீவு போட்டு ஊருக்குப் போய் நானே நின்று பத்திரம் முடித்தேன். தங்கச்சியின் பாதி இப்போது அவள் பெயரில் இருக்கிறது. பொங்கலுக்கு என் மனைவி சொன்னபடியே திருப்பூருக்குப் பஸ் ஏறிச் சீர் வைத்துவிட்டு வந்தாள். அண்ணியும் நாத்தனாரும் இப்போது தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுபாதி என் பெயரில் இருக்கிறது. அதைப் பற்றி என் மனைவி மறுபடி கேட்கவில்லை. நானும் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு உளுந்து விலை, மகள் படிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று எல்லாவற்றையும் பேசுகிறேன். அதை மட்டும் இன்னும் பேசவில்லை.